கை கழுவும்போது ஒரு வாக்கியம்

சல்லடை அக்காவுக்கு யாராவது காலை வணக்கம் சொன்னால், இவன் எதற்காகச் சொல்கிறான் என்று ஒரு கணம் யோசித்த பிறகுதான் பதில் வணக்கம் வரும். அந்தப் பெயரை வைத்தவர்கள் மூன்றாம் மாடி நர்ஸுகள். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சல்லடை. அது அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாமல் அந்த மருத்துவமனையில் ஒரு பெயர் உலவ முடியுமா என்ன?

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவள் பார்க்கும் வேலை அப்படி. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தரி, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவிப் பெட்டியில் ஏற்றி இறக்கித் திருப்பி மேலே அனுப்பும் பிரிவு அவளுடையது. தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத நீண்ட அறை. 'சுத்தமாத்தான் இருக்கும்' என்று நம்புகிற ஆளுக்கு அங்கே வேலை இல்லை. பளபளவென்று மின்னுகிற கத்தரியின் மூட்டுக்குள்தான் ரத்தம் காய்ந்து ஒளிந்திருக்கும். பதினோரு வருஷமாக மூட்டு மூட்டாகப் பிரித்துப் பார்த்துப் பழகிய கண், மனிதர்களையும் அப்படியே பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. சரியாக நடந்ததை யாரும் எழுத மாட்டார்கள். தவறு நடந்தால் மட்டும் நீள நோட்டில் தேதி, மணி, செய்தவர் யார், என்ன செய்தார் என்று நான்கையும் எழுதி, தவறுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட வேண்டும். சிவப்புப் பேனா ஒரு நூலில் கட்டி நோட்டோடு தொங்கும். பதினோரு வருஷத்தில் அவள் பெயரில் சிவப்புக் கோடு விழுந்தது ஒரே ஒரு முறை. அதையும் இன்றுவரை அவள் ஒப்புக்கொண்டதில்லை.

ஆறு வருஷமாகப் பிரிவை நடத்துவது அவள்தான். ஆனால் அறிவிப்புப் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகப் பொறுப்பு' என்றே இருந்தது. தற்காலிகம் என்றால் ஆறு மாதம், ஒரு வருஷம். ஆறு வருஷம் தற்காலிகம் என்றால் அது கேலி.

புதிதாக வந்த பெரிய டாக்டரம்மா ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார். மூன்று மாதத்தில் வெளியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வரும். அவர்கள் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். பொறுப்பாளர்களை நிரந்தரமாக்குவதும் அதை வைத்தே முடிவாகும். அதே வாரம் பிரிவுக்கு ஒரு புது ஆள் வந்து சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. பயணிகள் கப்பலில் இருபது வருஷத்துக்கு மேல் வரவேற்பு மேஜையில் நின்றவர். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல அவருக்கு ஆங்கிலம் வரும். எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

சல்லடை அக்கா நோட்டீஸைப் பார்த்தாள், கப்பல்காரரைப் பார்த்தாள், இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். விடை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வரவேற்புல நின்னவரு எதுக்குங்க கத்தரி கழுவ வரணும்? என் நாற்காலிக்குத்தான் கொண்டாந்து வெச்சிருக்காங்க" என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்.

"உன் நாற்காலியோட ஒரு கால் ஆடுது, அதை யாரு கேப்பா" என்றார் அவர்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. மருந்து லேபிள், மெஷின் புத்தகம் எல்லாம் படிப்பாள். கேட்டால் புரியும். பேச வாயைத் திறந்தால்தான் தொண்டையில் யாரோ கதவைச் சாத்துவார்கள். முன்பு ஒருமுறை மாலை வகுப்பில் சேர்ந்து மூன்று நாள் போனாள். நான்காம் நாள் தியேட்டரில் ஒரு கேஸ் இழுத்துவிட்டது, ஐந்தாம் நாள் பஸ் கிடைக்கவில்லை, ஆறாம் நாள் போக வெட்கமாக இருந்தது. காலையில் சமையல், இரண்டு பஸ் மாறி வேலை, திரும்ப இரண்டு பஸ், மறுபடி சமையல். இதற்கு நடுவே படிக்க நேரம் ஒதுக்கு என்று சொல்கிறவர்கள் ஒருநாள் அவள் அடுப்படிக்கு வந்து நின்று பார்க்கட்டும்.

தனியாக நேரம் கிடைக்காது என்று தெரிந்ததும், ஏற்கெனவே செய்கிற வேலைக்குள்ளேயே நேரத்தைத் திருடத் தீர்மானித்தாள். அந்த அறையில் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது கை கழுவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் தேய்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நிமிடத்தில், சற்று முன் செய்த வேலையை ஒரே ஒரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வது. பன்னிரண்டு கத்தரி கழுவினேன். ஒன்றில் துரு இருந்தது. அதைத் தனியாக வைத்தேன். ஒரு கை கழுவலுக்கு ஒரு வாக்கியம், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது கூடுதல் வசதி.

பஸ்ஸில் போகும்போது ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகி, ஐந்து நிமிட ஆங்கிலச் செய்தி கேட்டு, உதட்டை அசைக்காமல் கூடவே சொல்லிப் பார்ப்பாள். இன்னொரு காது, யாராவது சிரிக்கிறார்களா என்று காவல் காக்க. காலையில் சமைக்கும்போது கையில் இருப்பதையெல்லாம் ஆங்கிலத்தில் அறிவிப்பாள்.

"யாருகிட்ட பேசிட்டு இருக்கே?" என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

"வெங்காயத்துகிட்ட."

"பதில் சொல்லுதா?"

"உங்களைவிட நல்லாவே சொல்லுது."

இரண்டு வாரம் கழித்து, தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற காது ஒன்று அந்த அறையில் இருந்தது தெரியவந்தது. கப்பல்காரர் பக்கத்துத் தொட்டியில் கை கழுவிக்கொண்டே, "நல்லா சொல்றீங்க மேடம்" என்றார்.

அவளுக்குச் சுரீரென்றது. "என்ன சொன்னேன்?"

"துரு பத்தி. ஆனா தண்ணிகிட்ட பேசினா திருப்பிப் பேசாது. டீ நேரத்துல பத்து நிமிஷம் என்கிட்ட பேசுங்க. பத்து நிமிஷம் போதும். ஒருநாளும் விடக் கூடாது, அவ்வளவுதான்."

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அவளுக்குத் தெரியும். எவனாவது தனக்குப் போட்டியாக இருப்பவளுக்கு வலிய வந்து ஆயுதம் கொடுப்பானா? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், நோட்டீஸில் இருந்த தேதியை நினைத்தாள். எதிரியிடம் கற்றுக்கொண்டால் பாடம் ஒட்டாதா என்ன? சரி என்றாள்.

தினமும் பத்து நாற்பதுக்கு, துணி அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில், இரண்டு ஸ்டூல். முதல் வாரம் அவள் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் டீ ஆறியது. அவர் இடையில் குறுக்கிட மாட்டார், திருத்த மாட்டார், முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். தப்பாகச் சொன்னாலும் அடுத்த கேள்வியைக் கேட்பார். கேள்வி மட்டும் எப்போதும் வேலையைப் பற்றித்தான். கத்தரியை ஏன் திறந்தே வைக்க வேண்டும்? கனமான கருவி ஏன் அடியில்? நீராவிப் பெட்டியிலிருந்து கட்டு ஈரமாக வந்தால் என்ன செய்வீர்கள்? வீடு, பிள்ளை, சினிமா, மழை ஒன்றும் கிடையாது. இந்த மனுஷன் என் வாயைக் கிண்டுகிறான் என்று அவளுக்குப் பட்டது. அவரிடமிருந்து ஒரு கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னாள்.

ஆனால் பழக்கம் பொல்லாதது. ஒரு மாதம் தாண்டியதும் தொண்டைக் கதவு ஒருக்களித்துத் திறந்தது. ஒருநாள், கட்டின் மேல் ஒட்டும் டேப்பின் நுனியை உள்பக்கமாகச் சின்னதாக மடித்துவிட்டால், கையுறை போட்ட நர்ஸ் ஒரே இழுப்பில் பிரிக்கலாம் என்று அவளே கண்டுபிடித்த தந்திரத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. சொல்லி முடித்த பிறகுதான், தமிழில் யோசிக்காமலேயே சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. கப்பல்காரர் தலையாட்டினார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததே சந்தேகமாகவும் இருந்தது.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. டீ முடிந்ததும் அவர் நேராக வேலைக்கு வருவதில்லை. நடைபாதை வளைவில் மறைந்து, இரண்டு நிமிடம் கழித்து வருவார். வரும்போது ஏப்ரன் பையில் கை இருக்கும்.

அழுக்கு ஏப்ரன்களைச் சலவைக்குப் போடும் முன் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. ஊசி, பிளேடு ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கும். ஆய்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, கப்பல்காரரின் ஏப்ரன் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று வந்தது.

திறந்தாள். தேதி. மணி, பத்து நாற்பது. அவளுடைய பெயர். அதன் கீழே அவள் சொன்ன ஆங்கில வாக்கியம், பிழையோடு, அப்படியே. அடுத்த பக்கம், அடுத்த தேதி, பத்து நாற்பது, அவள் பெயர், அவள் வாக்கியம். ஓரத்தில் 'மறுபடி கேட்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு. நாற்பத்தேழு நாள், நாற்பத்தேழு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு.

வேறு எந்த அறையில் வேலை பார்ப்பவளாக இருந்தாலும் இது என்ன என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பாள். அவள் யோசிக்கவில்லை. தேதி, மணி, பெயர், சிவப்புக் கோடு. பதினோரு வருஷமாக இந்த நான்குக்கும் அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். என் தப்பையெல்லாம் சேர்த்துக் கட்டி மேலே கொடுக்கப் போகிறான். கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். சில பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்தாள், நோட்டை எடுத்துக்கொண்டு நேராக இரண்டாம் மாடிக்குப் படியேறினாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

பெரிய டாக்டரம்மாவின் அறைக்குள் தமிழுக்கு அனுமதி இல்லை. அந்த அறையில் இதுவரை அவள் பேசியது 'யெஸ் மேடம்', 'நோ மேடம்', 'தேங்க் யூ மேடம்' மூன்றுதான். அன்று நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். புது ஆள் வேலை கற்கவில்லை, உளவு பார்க்கிறார். நட்பு மாதிரி உட்கார்ந்து பேச வைத்து, பேசியதை எழுதி வைக்கிறார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் பிரிவை நடத்த முடியாது. நிற்காமல், திணறாமல், மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். கோபம் வந்தால் இலக்கணம் ஒதுங்கி வழிவிடும்போல.

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம் பேசியிருக்கிறீர்கள், எனக்கு எல்லாம் புரிந்தது, உங்களுக்குப் பேச வருமா என்றுதான் கவலைப்பட்டேன், இனி அந்தக் கவலை இல்லை என்றார். ஆய்வு முடிந்ததும் நிரந்தர ஆணை வந்துவிடும். புகாரை எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எழுதிக் கொடுத்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அன்று மாலையே கப்பல்காரரைத் தரைத்தள வரவேற்பு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "வரேன் மேடம்" என்று மட்டும் சொன்னார். குற்றம் உள்ளவன்தான் வாயை மூடிக்கொண்டு போவான் என்று அவள் அதையும் கணக்கில் சேர்த்தாள்.

நான்காம் நாள், அவர் கட்டிய கட்டுகள் பதினாலு அலமாரியில் மிச்சம் இருப்பதைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. வேலை கற்காத ஆள் கட்டியதை எப்படி மேலே அனுப்புவது? உண்மையைச் சொன்னால், கவலை நோயாளிகளைப் பற்றி மட்டும் இல்லை. இரண்டு தவறாவது கிடைத்தால் புகாருக்கு வலு சேரும் என்றும் நினைத்தாள். பதினாலையும் மேஜையில் பரப்பினாள். பிரித்தால் மறுபடி கட்டி மறுபடி நீராவியில் ஏற்ற வேண்டும், அரை நாள் வேலை. பரவாயில்லை என்று பிரித்தாள்.

முதல் கட்டில் கனமான கருவி அடியில் இருந்தது, கத்தரிகள் வாய் திறந்திருந்தன. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதைப் பிரிக்கும்போதுதான் விரல் நின்றது. டேப் ஒரே இழுப்பில் வந்தது. நுனி உள்பக்கமாக மடிந்திருந்தது. ஆறாவதிலும், ஏழாவதிலும், பதினாலாவதிலும் மடிந்திருந்தது. அவளுடைய இரண்டு உதவியாளர்களுக்குத் தமிழில் பத்துத் தடவை சொல்லியும் செய்யாத மடிப்பு அது. கப்பல்காரரிடம் அவள் சொன்னது ஒரே ஒரு தடவை, டீ நேரத்தில், ஆங்கிலத்தில்.

கைபேசியை எடுத்துப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் பேசியதில் பிழைக்குப் பஞ்சமில்லை. ஒரு பிழைக்கும் அடியில் கோடு இல்லை. 'திறந்து' என்பதற்குக் கீழே கோடு. 'முப்பது நிமிடம் ஆற வேண்டும்' என்பதற்குக் கீழே கோடு. 'ஈரமாக இருந்தால் அனுப்பக் கூடாது' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. தப்புப் பிடிக்க வந்தவன் தப்பை விட்டுவிட்டுப் பாடத்துக்குக் கோடு போடுவானா? அந்த மனுஷன் அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாலு பேர் பார்த்துச் சிரித்தால் வருகிற வெட்கம் இல்லை. யாருமே பார்க்காதபோது வருகிற வெட்கம் அது.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆறு வருஷம் காத்திருந்தது கைக்கு வந்திருக்கு. அவருக்கும் வேலை போகலையே, மேல உக்காந்துதானே இருக்காரு. உன்னை யாரும் கேக்கலையே."

"கேக்கலைங்க."

"அப்புறம் என்ன?"

மறுநாள் முழுக்கக் கை கழுவும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். முப்பது தடவை சொல்லியும் அது வாயில் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான்கு மணிக்கு மறுபடி படியேறினாள்.

"மேடம், மை கம்ப்ளைன்ட் இஸ் ராங்" என்றாள். போன தடவை நான்கு நிமிடம் ஓடிய நாக்கு, இந்த முறை ஒவ்வொரு சொல்லாக நொண்டியது. அவர் எழுதியது என் பிழையை அல்ல. என் வேலையை. நான் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அந்த அறையில் யாரும் கேட்டிராத தமிழில் பேசினார்.

"உக்காருங்க. நீங்க எழுத்துல குடுத்திருக்கீங்க. அதைத் தப்புன்னு இப்ப எழுதினா, அதுவும் உங்க ஃபைல்ல போகும். ஃபைல்ல இப்படி ஒண்ணு இருந்தா உங்க ஆர்டரை நான் இப்ப போட முடியாது. ஆறு மாசமோ, ஒரு வருஷமோ. யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க."

நாளைக்கு என்றால் வர மாட்டோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றி நன்றாகவே தெரியும். தன்னையும் சலித்துப் பார்த்தவள்தானே. பேனா கேட்டாள். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கப்பல்காரரைப் பழைய இடத்துக்கே அனுப்புவதாக டாக்டரம்மா சொன்னார். "நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

தரைத்தளத்தில் வரவேற்பு மேஜைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவளும் நின்றாள். முறை வந்ததும் கப்பல்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லுங்க மேடம்."

"நான் தப்பா நெனச்சுட்டேன் சார். புகாரை வாபஸ் வாங்கிட்டேன்."

அவர் மேஜையில் இருந்த சீட்டுகளைத் தட்டி அடுக்கினார். "நாப்பத்தேழு நாள் பேசினோம் மேடம். நோட்டைப் பாத்தப்போ, இது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்தார். விலகிச் சுவரோரம் நின்றாள். ஆனால் போகவில்லை. வரிசை கரையும்வரை இருபது நிமிடம் அங்கேயே நின்றாள். பதினோரு வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் தன் அறையை விட்டு இவ்வளவு நேரம் வெளியே இருந்ததில்லை. மேஜை காலியானதும் கிட்டே போனாள்.

"இப்ப கேக்குறேன் சார். எதுக்கு எழுதினீங்க?"

"வேலை தெரியாம சேந்துட்டேன். இந்த வயசுல மத்தவங்க முன்னாடி நோட்டை விரிச்சு வெச்சு எழுத ஒரு மாதிரி இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவர் அவளை நேராகப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, உங்ககிட்டதான் கத்துக்க வந்திருக்கேன்னு சொல்லியிருந்தா, நம்பியிருப்பீங்களா?"

பொய் சொல்லிவிடலாம். சொல்வதற்கு நாக்கு தயாராகக்கூட இருந்தது.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் சல்லடை அக்கா. பிறகு, நாளைக்குக் காலையில் எட்டு மணிக்குக் கீழே, பழைய இடத்துக்கே வரச் சொன்னாள்.